வெந்நீர் ஆந்தையும் மூன்றாம் தரக் கல்யாணமும்

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. இரவு முழுக்க கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்தபடி, சிந்திய நிலக்கரியை மண்வாரியால் அள்ளி மேலே வீசியிருந்தேன். ஈரக் கரி பிணம் கனக்கும். ஷிஃப்ட் முடிந்து குளிக்கப் போனால் வெந்நீர் இல்லை. அப்படியே கரி மூஞ்சியோடு டிரம்மைக் கைவண்டியில் ஏற்றி, வெர்பின் கலாசார மாளிகைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாங்கள் இசைக்காரர்கள்தானா இல்லையா என்பதை அங்கே அரசாங்கம் முடிவு செய்ய இருந்தது.

நாங்கள் மூன்று பேர். க்விடோ கித்தார். அலோயிஸ் ஒரு பழைய ஆர்கனும், சுரங்கத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த காற்றுக் குழாயும். நான், லுபோஷ், டிரம். மூவருமே வட பொஹீமியாவின் கரிக்குழியில் வேலை. குழுவின் பெயர் 'வெந்நீர் ஆந்தை'. பெயர் வைத்தது க்விடோ. காரணம் கேட்டால், "வேற எவனும் வெக்கமாட்டான்ல" என்பான்.

முதல் கச்சேரி சுரங்கத்துக் கேன்டீனில் நடந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எண்ணெயும் பீட்ரூட் சாறும் ஊற்றி, விளக்கின் முன் வைத்து சுவரில் காட்டினோம். சுவர் உயிரோடு அறுபட்டதுபோல் நெளிந்தது. நாங்கள் வாசித்தது ஒரே ஒரு உருப்படி, பெயர் 'நீண்டது'. அது முடிவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், ஒருவன் அழுதான், துளை போடும் பிரிவுக்காரர்கள் பெல்ட் பிரிவுக்காரர்களை நாற்காலியால் அடித்தார்கள். மறுநாள் எல்லோரும் வந்து மறுபடி எப்போது என்று கேட்டார்கள். குழிக்குள் எட்டு மணி நேரம் இயந்திரம் கத்துவதைக் கேட்பவனுக்கு, அதே இயந்திரம் தன் பக்கம் நின்று கத்தினால் எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அறுபத்தெட்டில் நட்பு நாடுகளின் டாங்கிகள் எல்லை தாண்டி நட்பு பாராட்ட வந்தன. ஒன்று அலோயிஸின் அண்ணன் ஓட்டிய லாரிமேல் ஏறியது. நட்பு அத்தனை கனம். அண்ணனை லாரியிலிருந்து பிரித்தெடுக்க வெல்டிங் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள். எங்கள் முறை வர நாலைந்து வருஷம் ஆனது. பொது இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால் தேர்வு எழுதி, தரம் வாங்கி, உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் வாசிப்பவன் குற்றவாளி.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவி, மாவட்டக் கலாசார ஆய்வாளர் தோழர் ப்ருஷோவா. முன்பு அரசுக் கோழிப் பண்ணையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். அவருக்கு வலப்பக்கம் பித்தளை பேண்டு நடத்தும் தோழர் ஷிமெக். இடப்பக்கம் தீயணைப்புச் சங்கத்தின் பிரதிநிதி; ஹெல்மெட்டோடு வந்திருந்தார்.

"குழுவோட பேரு?" என்றார் ப்ருஷோவா.

"வெந்நீர் ஆந்தை," என்றான் க்விடோ.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆந்தை ராத்திரியில திரியுறது. நைட் ஷிஃப்ட் இல்லாம ராத்திரியில திரியுறவன் நம்ம சமுதாயத்துல கிடையாது."

"அது பறவைங்க தோழர்," என்றான் அலோயிஸ்.

"பறவைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சரி, ஆந்தைய விடுங்க. வெந்நீர் எதுக்கு?"

க்விடோ என் கரி மூஞ்சியைப் பார்த்தான்.

"வெர்பின்ல சனிக்கிழமை மட்டும்தான் வெந்நீர் வருதுன்னு குத்திக்காட்டுறீங்களா?"

"நாங்க அப்படி யோசிக்கவே இல்லீங்க."

"நீங்க யோசிக்கல. ஜனங்க யோசிப்பாங்க. வெந்நீர்னு காதுல விழுந்தா வராத வெந்நீர் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தா உடம்பு அரிக்கும். உடம்பு அரிக்கிற ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எங்க வீட்டுக்குத் தினமும் வெந்நீர் விடச் சொல்லியிருக்கேன். பொறுப்புல இருக்கிறவங்களுக்கு அரிப்பு வரக்கூடாது."

தீயணைப்பாளர் தலையாட்டிவிட்டு அரசியல் கேள்விக்கு வந்தார். "அறுவடைக்கும் உங்க இசைக்கும் என்ன சம்பந்தம்?"

"நாங்க வாசிச்சா வயல்ல ஒரு காக்கா நிக்காதுங்க," என்றான் க்விடோ. அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடைத்தது. அன்று எங்களுக்குக் கிடைத்ததும் அது ஒன்றுதான்.

பிறகு வாசிக்கச் சொன்னார்கள். 'நீண்டது' தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஷிமெக் எழுந்து நின்று வாயை அசைத்தார். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. இசைத்தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி அலோயிஸின் தலையில் போட்டார். அடி சரியாகத் தாளத்தில் விழுந்ததால் நான் நிறுத்தவில்லை. அலோயிஸும் நிறுத்தவில்லை. இரண்டாவது அடி தாளம் தப்பி விழுந்தது. அலோயிஸ் ஆர்கன்மேல் குப்புற விழுந்தான். ஆர்கன் ஒரே சுரத்தில் அலறத் தொடங்கியது. தீயணைப்பாளர் பயிற்சி பெற்றவர். சுவரிலிருந்த குழாயை உருவித் தண்ணீரை ஆர்கன்மேலும் அலோயிஸ்மேலும் பீய்ச்சினார். தண்ணீர் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டு க்விடோவிடம் வந்தது. க்விடோ மேடையிலிருந்து எகிறி இரண்டாவது வரிசையில் போய் விழுந்தான். மயிர் செங்குத்தாக நின்றது. ப்ருஷோவா அதைப் பார்த்து, "முடி நீளம் அதிகம்" என்று எழுதிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் தீர்ப்பு சொன்னார்.

"தோழர் ஷிமெக் முப்பது வருஷமா பேண்டு நடத்துறார். ஒருத்தர்மேல கை வெச்சதில்ல. இன்னிக்கு வெச்சிருக்கார். ஒரு நல்ல மனுஷனைக் கொலைகாரனாக்கப் பாத்த இசை இது. இதுக்கு உரிமம் கிடையாது. அவர் மனசு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு பாருங்க. மன்னிப்புக் கேளுங்க."

அலோயிஸின் காதோரம் ரத்தம் வழிந்து சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் ஷிமெக்கிடம் மன்னிப்புக் கேட்டான். ஷிமெக் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, ஸ்டாண்டு வளைந்துபோனதை மட்டும் சுட்டிக்காட்டினார்.

குழாயைச் சுருட்டிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்த தீயணைப்பாளர் சொன்னார்: "அவ்வளவு ஆசையா இருந்தா உங்க வீட்டுக் கல்யாணத்துல வாசிச்சுக்குங்கடா. சொந்த விசேஷத்துக்கு உரிமம் வேணாம்."

மேசைக்கடியில் ப்ருஷோவா அவரை உதைத்த சத்தம் கேட்டது. ஆனால் சட்டம் வெளியே வந்துவிட்டது.

வாசல் படியில் உட்கார்ந்து அலோயிஸின் தலைக்குத் துணி சுற்றும்போது க்விடோ கேட்டான்: "நமக்குள்ள யாருக்குடா பொண்ணு இருக்கு?"

க்விடோவின் மனைவி அவனை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அலோயிஸுக்கு முகமே சரியில்லை. இப்போது தலையும் சரியில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

லிபுஷே கரி பிரிக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். என்னோடு இரண்டு குளிர்காலம் பழகியவள். அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு எப்போதுமே ஆசைதான், கேட்கத்தான் பயம். கீழே நின்று கத்தினேன். கிரேனிலிருந்து இறங்கி வந்து, கையுறையைக் கழற்றாமலே முழுக்கக் கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா, ஆந்தையக் கட்டிக்கிறியா?"

"ரெண்டும் ஒரே நாள்ல முடிஞ்சா..."

நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். கரிக்குவியலில் போய் உட்கார்ந்தேன். என் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னாள்: "இங்க பாரு, உண்மையச் சொன்னதால ஒரு குத்தோட விட்டேன். கட்டிக்கிறேன். எனக்கும் உங்க சத்தம் புடிக்கும். ஆனா அன்னிக்கு நீ முதல்ல எனக்குப் புருஷன், அப்புறம்தான் கொட்டுக்காரன். அது மாறிச்சு, ஸ்பேனரால மண்டையப் பொளந்துடுவேன்."

"மாறாது," என்றேன்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அண்ணன் இக்னாட்ஸ். போலீஸில் இருந்தான். நேரில் போய் அழைத்தேன். "கல்யாணத்துக்கு வந்துடு மச்சான்."

"வராம இருப்பேனா. டியூட்டியிலேயே வரேன்," என்றான். அதை நான் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கல்யாணம் நடத்துவது பாதிரியார் அல்ல, குடிமக்கள் நலக் குழு. பிறந்த குழந்தையை வரவேற்பது, ஜோடி சேர்ப்பது, பிணத்துக்கு வழியனுப்பு உரை வாசிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. லிபுஷேயோடு போய்ப் பார்த்தால் அதே அறை, அதே மூன்று பேர். மேசை விரிப்பு மட்டும் பச்சைக்குப் பதில் சிவப்பு. ப்ருஷோவா ஒரு துணிப்பூவைக் குத்திக்கொண்டிருந்தார்.

"விருந்தாளி எத்தனை பேர்?"

"சொந்தக்காரங்க மட்டும்தான் தோழர்."

"அதான் எத்தனை?"

"ஒரு முந்நூறு."

"முந்நூறு சொந்தக்காரங்களா?"

லிபுஷே முந்திக்கொண்டாள். "சுரங்க ஊருங்க தோழர். குளிர்காலம் நீளம். தோண்டிப் பாத்தா எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான்."

ஷிமெக்கின் காது சிவந்தது. அவர் மனைவியும் எங்கள் ஊர்தான். ப்ருஷோவா வேறு வழியில்லாமல் நாள் குறித்தார்.

ஜூன் மாதம், நல்ல வெயில். ஒலிபெருக்கியில் ஷிமெக்கின் பேண்டு ஓட, ப்ருஷோவா உரையாற்றினார்.

"குடும்பம் என்பது அரசின் மிகச்சிறிய படைப்பிரிவு. படைப்பிரிவில் காதல் இருக்கலாம், தவறில்லை. ஆனால் கட்டளை முக்கியம். சிலர் என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று. நான் சொல்வேன்: நான் இந்த மாவட்டத்தின் எல்லாப் படுக்கையறைகளிலும் இருக்கிறேன். எனக்குத் தனியாக ஒன்று எதற்கு?"

கைதட்டினோம். கையெழுத்துப் போட்டோம். மணமகன் தரப்புச் சாட்சி க்விடோ. கோட்டில் ரோஸ்மேரித் தழையும் வெள்ளை ரிப்பனும் குத்தியிருந்தான். பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது சாட்சியின் வேலை என்று கிழவிகள் அவன் காதைத் திருகிச் சொன்னார்கள்.

விருந்து ஊருக்கு வெளியே, தீயணைப்புச் சங்கத்தின் கொட்டகையில். வாடகைக்கு இரண்டு பீப்பாய் பியர் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகையைத் திறந்துவிட்டவர் அதே பிரதிநிதிதான். பன்றிக்கறியும் புளித்த கோஸும் மாவு உருண்டையும் தின்று முடித்தபோது கொட்டகை நிறைந்து வயலிலும் ஆட்கள் நின்றார்கள். முடி வளர்த்தவர்கள் பிராகிலிருந்துகூட ரயிலேறி வந்திருந்தார்கள். எல்லோரும் என் சித்தப்பா பிள்ளைகள்.

லிபுஷேயுடன் முதல் ஆட்டம் ஆடினேன். "போ, போய்க் கொட்டு," என்று அவளே தள்ளிவிட்டாள். 'நீண்டது' தொடங்கியது. வருஷக்கணக்காக அடைத்து வைத்தது அத்தனையும் வெளியே வந்தது. க்விடோவின் கித்தார் மாடு அறுபடுவதுபோல் கத்தியது. லிபுஷே மேசைமேல் ஏறி நின்று ஆடினாள். அந்த மதியம் நான் நன்றாக வாசித்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பாதியில் இக்னாட்ஸ் வந்தான். கூடவே சாதாரண உடையில் இரண்டு தடியர்கள். மேசைக்குப் போய் லிபுஷேயின் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். அவள் அண்ணனின் மூக்கில் ஒன்று விட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. ஒருவனின் கட்டைவிரலைக் கடித்தாள். மற்றவன் அவள் தலைமயிரைப் பிடித்து, ஒரு கையால் வாயைப் பொத்தி வெளியே தூக்கிப் போனான். கொட்டகை முழுக்கக் கைதட்டியது.

ஏன் கைதட்டினோம் என்றால், எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கடத்துவது வழக்கம். மாப்பிள்ளையின் கவனம் பிசகும்போது அவள் ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஏதாவது மதுக்கடைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை கடைகடையாகத் தேடிப் போய், அவர்கள் குடித்ததற்கான விலையைக் கொடுத்து அவளை மீட்டு வர வேண்டும். பெண் எவ்வளவு திமிறுகிறாளோ அவ்வளவு நல்ல சகுனம். மூக்கு உடைவதெல்லாம் பெரிய விஷயமில்லை. கடத்த வேண்டியவன் அண்ணன்தான், அண்ணனே வந்திருந்தான். நான் குச்சியை உயர்த்தி மச்சானுக்கு வணக்கம் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கொட்டினேன். அப்போது 'நீண்டது' அதன் நல்ல இடத்தில் இருந்தது.

என் பகுதி முடிந்ததும் அலோயிஸ் என் காதில் கத்தினான்: "போடா, போய் அவளைக் கூட்டிட்டு வா. ரொம்பக் குடிச்சுத் தீத்துடுவானுங்க."

ஒரு புட்டி பிளம் சாராயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். க்விடோவும் அலோயிஸும் டிரம் இல்லாமலே தொடர்ந்தார்கள்.

முதல் கடையில் இல்லை. அங்கே ஒரு குவளை. இரண்டாவது கடையில் சொந்தமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு ஒருவன் என் தாடையில் குத்தினான், இன்னொருவன் வாழ்த்துச் சொன்னான். அங்கேயும் ஒரு குவளை. கடைக்காரர் சொன்னார்: "இக்னாட்ஸோட வேன் ஸ்டேஷன் பக்கம் போச்சு. கூடவே பஸ்ஸு பஸ்ஸா போலீஸு உங்க கொட்டகைப் பக்கம் போச்சு. எவ்வளவு பேரைடா அழைச்சே?"

"அழைக்கலயே," என்றேன்.

கொட்டகைக்கு ஓடினேன். வயலிலேயே தெரிந்தது. இரண்டு வரிசையாகப் போலீஸ் நின்றார்கள். நடுவில் விட்ட சந்துதான் வெளியே வர ஒரே வழி. ஒவ்வொருவரும் அந்தச் சந்தில் ஓட வேண்டும். இரு பக்கமிருந்தும் ரப்பர் தடி. அறுவடைக்கு மிஷின் ஓட்டுவதுபோல் ஒழுங்காக, அவசரமில்லாமல் அடித்தார்கள். என் பெரியம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எலும்பு தோலைக் கிழித்து நின்றது. ஒரு நாய் பிராகிலிருந்து வந்த பையனின் தொடையை விடாமல் இழுத்தது. நாயின் சங்கிலியைப் பிடித்திருந்தவன் அதை "செல்லம், செல்லம்" என்று கொஞ்சினான். அலோயிஸ் ஓடவில்லை, நடந்தான். பழைய காயத்தின்மேலேயே அடிக்கிறார்கள் என்று முறையிட்டுக்கொண்டே நடந்தான். கடைசியில் விழுந்தான். ஆர்கனைக் கோடாலியால் பிளக்கும் சத்தம் உள்ளிருந்து வந்தது. கோடாலி தீயணைப்புச் சங்கத்துடையது.

"இது கல்யாணம்," என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரனிடம் சொன்னேன்.

"பொண்ணு எங்க?" என்றான்.

"அவளைத்தான் தேடுறேன்."

"மாப்பிள்ளை எங்க?"

"நான்தான்."

"நீ வெளிய நிக்கிறே. உள்ள பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. அப்புறம் என்னய்யா கல்யாணம்? உரிமம் இல்லாத கச்சேரி," என்று தடியை என் விலாவில் செருகினான். மூச்சு நின்றது. மண்ணில் கிடந்தபடி அந்தத் திட்டத்தின் நேர்த்தியை யோசித்தேன். கல்யாணத்தில் கை வைக்க அவர்களுக்குச் சட்டமில்லை. அதனால் முதலில் பெண்ணை எடுத்தார்கள். பெண்ணைத் தேடி மாப்பிள்ளை தானாகவே கிளம்புவான் என்பது ஊரறிந்தது. மீதி தானாகவே கச்சேரி ஆகிவிட்டது.

சாராயப் புட்டி உடையாமல் இருந்தது. அதோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு லெப்டினன்ட். ஓரத்தில் இக்னாட்ஸ் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். உள் அறையில் லிபுஷே கதவை உதைக்கும் சத்தம்.

"மாப்பிள்ளை வந்திருக்கேன்," என்றேன். வழக்கப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும். "என்ன விலை?"

லெப்டினன்ட் புட்டியை வாங்கி, ஊற்றிக் குடித்து, இக்னாட்ஸுக்கும் கொடுத்தார். பிறகு இரண்டு பேர் என்னைச் சுவரோடு நிறுத்தி அடித்தார்கள். பல் ஒன்று தொண்டைக்குள் போனது.

"நாங்க யாரையும் அடிக்கிறதில்ல," என்றார் லெப்டினன்ட். "இந்தத் தடி ஜனங்களோட சொத்து. ஜனங்க சொத்தைக் காரணமில்லாம தேய விடமாட்டோம். ஒவ்வொரு அடிக்கும் எங்ககிட்ட காரணம் இருக்கு. சில சமயம் அடி முதல்ல வந்துடும், காரணம் அப்புறம் வரும். ஆனா வந்துடும். இதுவரைக்கும் வராம இருந்ததில்ல."

"என் பொண்டாட்டிய விடுங்க."

"போலீஸ்காரர் மூக்கை உடைச்சிருக்கா. ரெண்டு வருஷம் போடலாம். இல்ல, விலை கேட்டியே, சொல்றேன். கித்தார்காரன் கொட்டகையிலேருந்து தப்பிச்சிட்டான். கரிக்குழிக்குள்ள எங்கயோ கெடக்கான். நாய்க்குக் கரி வாடையில மூக்கு வேலை செய்யல. நீ அந்தக் குழியில வேலை பாக்குறவன். எங்க ஒளிவான்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பழைய பம்ப் அறையில் இருப்பான். "தெரியாது," என்றேன். மறுபடி அடித்தார்கள். இக்னாட்ஸ் எழுந்து வந்து என் காதருகே குனிந்தான்.

"சொல்லிடு மச்சான். தங்கச்சி உள்ள கெடக்கா. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?"

"நீதானடா தூக்கிட்டு வந்தே."

"கடத்த வேண்டியது அண்ணன்தானே," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அது ஒரு நியாயமாகப் பட்டது.

அப்போது வாசற்கதவு திறந்தது. க்விடோ உள்ளே வந்தான். தலையிலிருந்து கால்வரை கரி. கோட்டின் ஒரு கை கிழிந்து தொங்கியது. ரோஸ்மேரித் தழை மட்டும் அப்படியே இருந்தது.

"போடா வெளிய," என்றேன்.

"நீ சும்மா இரு." லெப்டினன்டைப் பார்த்துச் சொன்னான்: "சாட்சி நான். பொண்ணைப் பாத்துக்க வேண்டியவன் நான். கண்ணை மூடிக்கிட்டு கித்தார் வாசிச்சிட்டிருந்தேன், தூக்கிட்டுப் போயிட்டீங்க. விலைய நான் கட்டுறேன். அவளை விடுங்க."

"என்ன கட்டுவே?"

"நாய விட்டுத் தேடுனது என்னையத்தானே. வந்துட்டேன்."

லெப்டினன்ட் நியாயமானவர். கொடுக்கல் வாங்கலில் சுத்தம். அறைக்கதவைத் திறக்கச் சொன்னார். லிபுஷே வெளியே வந்தாள். கல்யாண உடை முதுகில் கிழிந்து, ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. பிறகு லெப்டினன்ட் மேசை இழுப்பறையை இழுத்து, க்விடோவின் இடக்கையை அதன் விளிம்பில் வைக்கச் சொன்னார். கித்தார்காரர்களின் கையைப் பதிவு செய்வது புது விதியாம். க்விடோ வைத்தான். லெப்டினன்ட் இழுப்பறையை முழங்காலால் இடித்து மூடினார். திறந்து, இன்னொரு முறை மூடினார். காய்ந்த விறகு முறிவது போன்ற சத்தம்தான். க்விடோ கத்தவில்லை, மேசைமேல் வாந்தி எடுத்தான்.

லிபுஷே இக்னாட்ஸிடம் போய் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவுமில்லை. வெளியே வந்ததும் என்னை ஓங்கி அறைந்தாள்.

"தூக்கிட்டுப் போனப்ப குச்சியால வணக்கம் வெச்சியேடா."

"கடத்தல்னு நெனச்சேன்."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்," என்றாள். பிறகு படியில் உட்கார்ந்து என் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தை கல்யாண முக்காட்டுத் துணியால் துடைத்தாள். உள்ளே இழுப்பறை மூன்றாவது முறையாக மூடும் சத்தம் கேட்டது.

விசாரணையில் நீதிபதி ஒரு சட்டச் சிக்கலைத் தீர்த்தார். உரிமம் இல்லாத குழு சட்டப்படி இல்லாத குழு. ஆகவே வெந்நீர் ஆந்தை என்று ஒன்று எப்போதும் இருந்ததே இல்லை. இல்லாத குழுவை முந்நூறு பேருக்கு முன்னால் இருப்பதுபோல் நடித்துக் காட்டியது மோசடி. கேட்டவர்களைக் காவல்துறை காயப்படுத்தும் நிலைக்குத் தள்ளியது கலவரம். க்விடோவுக்குப் பதினான்கு மாதம். சாட்சி சொல்ல வந்த அலோயிஸிடம் தடிகளுக்கு ஏற்பட்ட தேய்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்கள். அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது, தெரிவித்தான்.

எங்கள் இருவரையும் குடிமக்கள் நலக் குழு கூப்பிட்டது. விரிப்பு இந்த முறை பாதி பச்சை, பாதி சிவப்பு.

"உங்க கல்யாணம் ஒரு சிக்கலான கேஸ்," என்றார் ப்ருஷோவா. "நடந்தது உண்மை. ஆனா பாதியில கச்சேரியா மாறிடுச்சு. முழுசா ரத்து செஞ்சா நான் ஆத்துன உரையும் ரத்தாகும். அந்த உரை மாவட்டத்துல முதல் பரிசு வாங்கியிருக்கு. அதனால கல்யாணத்தை ஒரு கலைநிகழ்ச்சியா எடுத்துக்கிட்டு தரம் குடுக்கலாம்னு முடிவு. உங்களுக்கு மூணாம் தரம். இந்த மாவட்டத்துக்குள்ள மட்டும் கணவன் மனைவியா இருக்கலாம். வருஷா வருஷம் மறுதேர்வு."

லிபுஷே கேட்டாள்: "தேர்வுல என்ன செஞ்சு காட்டணும் தோழர்?"

ஷிமெக் தண்ணீர் குடித்தார். தீயணைப்பாளர் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கான விதிமுறை தயாராகிக்கொண்டிருப்பதாக ப்ருஷோவா சொன்னார்.

க்விடோ அடுத்த இலையுதிர் காலத்தில் வெளியே வந்தான். சிறை மருத்துவர் இடக்கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டிருந்தார். கொதிகலன் அறையில் கரி தள்ளும் வேலை கிடைத்தது. மண்வாரிக்கு மூன்று விரல் போதும். நானும் லிபுஷேயும் ஞாயிறுதோறும் போவோம். ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் எடுத்துப் போவாள். ஒருநாள் அவன் கையைப் பார்த்தபடி, அன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"வழக்கம்டா," என்றான். வெங்காயத்தை நறுக்கச் சொல்லிக் கத்தியை என்னிடம் தள்ளினான்.

வழக்கம் எனக்கும் தெரியும். பெண்ணை மீட்கும் விலையைக் கட்ட வேண்டியவன் மாப்பிள்ளை. என் பெண்டாட்டிக்கு அவன் கட்டிய விலை பதினான்கு மாதச் சிறையும் இடக்கை விரல் இரண்டும். அது நான் க்விடோவுக்குத் தர வேண்டிய கடன். இன்னும் தரவில்லை.